வடத்தின் கடைசி நுனி

நமக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலருக்கு என்னைவிட அதிகமாக நரைத்துவிட்டது என்று கேள்வி.

போன வாரம் கோவில்பட்டியில் பஸ் ஏறி விளாத்திகுளம் போனேன். நம் ஓடைப் பாலம் வந்தது, போயும்விட்டது. பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பாலம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதைக் கட்டிய வருசம் நாங்கள் ஒரு மழைக்காலம் முழுக்க வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம் என்று அந்த ஆளை எழுப்பிச் சொல்லலாம் போலிருந்தது. எழுப்பவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்போது நம் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் பள்ளிக்கூடம்தான். பருத்திக் காட்டின் நடுவே வண்டிப்பாதை. வெயில் காலத்தில் தரை வெடித்து, வெடிப்புக்குள் சிலேட்டுக் குச்சி விழுந்தால் எடுக்க முடியாது. மழை காலத்தில் கரிசல் காலில் அப்பிக்கொண்டு ஆனைக்கால் மாதிரி ஆகிவிடும். உடைமரத்துக் குச்சியை ஒடித்துச் சுரண்டிச் சுரண்டி நடப்போம். என் வீட்டில் எனக்கு முன்னால் அந்தப் பாதையில் புத்தகத்தோடு போனவர்கள் யாரும் இல்லை. ஐயாவும் அம்மாவும் அதே பாதையில் களைக்கொட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஓடைக்குள் பாலத்துக்குத் தூண் எழும்பியது. ஒரு தூண் மட்டும் நிற்கவில்லை. வெயிலில் நேராக நின்றது, மழை விழுந்ததும் குடிகாரனைப் போல் ஒருபக்கம் சாய்ந்தது. இடித்துவிட்டு மறுபடி எழுப்பினார்கள். மறுபடியும் சாய்ந்தது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அதற்கு வேறு காரணம் இருந்தது. கடைக்கார அண்ணாச்சியின் கடையில் அம்மாவுக்கு உப்பு வாங்கப் போனபோது அதைக் கேட்டேன்.

"தூணு நிக்க மாட்டேங்காம்லா அண்ணாச்சி."

"எப்படி நிக்கும்? அது கேக்கத குடுத்தாத்தான் நிக்கும்."

"என்ன கேக்காம்?"

அண்ணாச்சி சேவைப் பொட்டலம் கட்டிக்கொண்டே குரலைத் தணித்தார். "தலைச்சன் பிள்ளை."

சொன்ன கையோடு எட்டி, தெருவில் தன் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தார். அவர் மகனும் வீட்டுக்கு முதல் பிள்ளை.

பாலத்தில் வேலை செய்தவர்கள் தெலுங்கு பேசிய கல்வேலைக்காரர்கள். நம் பக்கத்துத் தெலுங்கு அல்ல, வேறு மாதிரி இழுத்துப் பேசினார்கள். ஓடைக்கரையில் சாக்குக் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களை எப்போது பார்த்தாலும் கூட்டமாகத்தான் பார்க்க முடியும். பெண்கள் கிணற்றுக்கு வந்தால் மொத்தமாக வருவார்கள். நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் இறைத்து முடிக்கும்வரை தள்ளி நிற்பார்கள். சாமான் வாங்க நாலு பேர் வந்தால் நாலு பேரும் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். "பிள்ளை பிடிக்கிற கூட்டம்னா அப்படித்தாம்டே இருக்கும், ஒத்தையில வரமாட்டான்" என்றார் அண்ணாச்சி. சந்தையில் ஒரு பிள்ளைக்குக் கடலை கொடுத்தான் என்பதற்காக அவர்களில் ஒருவனைக் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் தனியாக வருவதில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நம் ஊரில் யாரும் யோசிக்கவில்லை.

பிள்ளைகளை வீட்டில் நிறுத்த ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மிஷன் கோயில் உபதேசியார் மகள் வீடு வீடாக வந்தாள். நாம் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவளை மறந்திருக்க மாட்டீர்கள். அவள் அப்போது எட்டாவது. நாமெல்லாம் நின்றுவிட்டால் அவளும் நிற்க வேண்டியதுதான். பொம்பளைப் பிள்ளையை ஒத்தையில் அந்த வழியே யார் அனுப்புவார்கள்? அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, பெரியவர்களைப் போல இடுப்பில் கை வைத்துப் பேசினாள்.

"நான் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாரேன் சித்தி. எல்லாரும் ஒண்ணாப் போறோம், ஒண்ணா வாரோம். ஒருத்தரையும் விடமாட்டேன்."

அவள் கண்டுபிடித்ததுதான் வடம். பம்புசெட்டு வந்தபின் கமலை ஓடாத கிணறு ஒன்றில், மாடு கட்டி இறைத்த காலத்துக் கயிறு கிடந்தது. கைக்கு அடங்காத தடிமன். பாசியும் மாட்டு வேர்வையும் கலந்த ஒரு வாசனை. அதை எல்லாரும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நீங்கள் இதை ஒரு விளையாட்டாக நினைவு வைத்திருப்பீர்கள். வரிசை போட்ட அன்றைக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

"தலைச்சன் பிள்ளைய எல்லாம் நடுவுல நில்லுங்க. மத்தவுங்க முன்னயும் பின்னயும்" என்றாள் அக்கா.

அண்ணாச்சி மகன் முதல் ஆளாக நடுவில் போய் நின்றான். நானும் போய் நின்றேன்.

"ஏலே மூக்கா, நீ எங்கன வார? நீ தலைச்சனில்ல" என்றான் அவன்.

"எனக்கு மூத்தவுங்க யாரு இருக்கா?"

"ரெண்டு பிள்ளை செத்துப்போச்சுல்லா. நீ மூணாவது."

"செத்துட்டா கணக்குல வராது."

"வரும்லே. செத்தாலும் பெறந்தது பெறந்ததுதான்."

உங்களில் பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். இப்படி ஒரு வழக்கை யாரும் தீர்த்திருக்க மாட்டார்கள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து, என் மூக்கில் இருந்த செம்புக் கம்பியை ஒரு விரலால் தொட்டாள்.

"தலைச்சனோ மூணாவதோ, மூக்குக் குத்துன பிள்ளை காவுக்கு ஆகாது. ஊனப்பட்ட பிள்ளையை அவிய தொடமாட்டாவ. ஒனக்கு ஒரு பயமும் இல்ல. நீ கடைசியில வா. பின்னால யாரும் வாராவளான்னு பாத்துக்கோ."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு பதவி கொடுப்பதாகத்தான் நினைத்தாள்.

கம்பியின் கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தொட்டிலோடு போய்விட்டதால், நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, மூக்கைக் குத்தினார்கள். எமனுக்கு இது வேண்டாத பிள்ளை என்று தெரிய வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கம்பிமேல் சாமியைவிட நம்பிக்கை. குளிப்பாட்டும்போது அதை எண்ணெய் தொட்டுத் திருகிவிடுவாள். எனக்கு அது வலிக்கும். எமனுக்கு வேண்டாதவன் என்பது அதுவரை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாலத்துக்கும் வேண்டாதவன் என்று ஆனபோதுதான் என்னவோ போல் இருந்தது.

அப்படித்தான் அந்த மழைக்காலம் முழுக்க வடத்தின் கடைசி நுனி என் கையில் இருந்தது. பிரி பிரிந்து, குதிரைவால் போல் தொங்கிய நுனி. என் முன்னால் போனவனின் மறு கையை இன்னொருவன் பிடித்திருப்பான். என் பின்னால் காடு. அதனால் உங்கள் முகங்களைவிட உங்கள் பிடரிகளையே நான் அதிகம் பார்த்தேன். யாருக்கு இரட்டைச் சுழி, யார் கழுத்தில் வேர்க்குரு, யாருக்குக் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்திருக்கும் என்பதெல்லாம் இன்றைக்கும் சொல்வேன். மழை ஈரத்தில் கொத்தமல்லிக் காடு மணக்கும். யாராவது திரும்பி, 'மூக்கா, மணக்குதாலே' என்று கேட்க மாட்டார்களா என்று இருக்கும். திரும்புவதற்குத்தான் தடை இருந்ததே.

அதுவும் அக்காவின் சட்டம்தான். ஓடைக்குள் இறங்கியதும் எல்லாரும் சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும். நூறு பேர் வருகிற மாதிரி கேட்க வேண்டும். பின்னால் இருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. "பேய்னா ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசன். மூணாவதுக்குத்தான் திரும்பணும், கேட்டுக்கிடுங்க." இது நம் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். என் அம்மாவும் ஒரு தடவை கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வந்தது. அதற்கு அடியில்தான் சேறு. தூணுக்குத் தோண்டி எடுத்த மண்ணை ஒருபக்கம் கொட்டியிருந்தார்கள். அதில் என் கால் இறங்கியது. ஒரு காலை எடுக்க ஊன்றிய மற்றக் காலும் இறங்கியது. முழங்கால்வரை போய்விட்டது. வடம் கையிலிருந்து நழுவிற்று. எனக்குப் பின்னால் யாரும் இல்லாததால் இழுபடுகிற வடத்தில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. பிரிந்த நுனி தண்ணீரில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போனதைப் பார்த்தேன்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

நீங்கள் ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தீர்கள். மழைச் சத்தம் வேறு.

"அக்கா, நான் இங்கன கெடக்கேன்."

இந்த முறை வாய்ப்பாடு நின்றது. உங்கள் பிடரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்ததைப் பார்த்தேன். உங்களுக்குக் கேட்டுவிட்டது. அண்ணாச்சி மகன் பாதி திரும்பினான். "திரும்பாதிய. ரெண்டுதான் ஆச்சு" என்று அக்கா சொன்னது எனக்கே கேட்டது. மழைக்குள் நீங்கள் எல்லாரும் மூன்றாவதுக்காகக் காது கொடுத்து நின்றீர்கள்.

நான் கூப்பிடவில்லை.

சேறு வாயை அடைக்கவில்லை, குரலும் போகவில்லை. வாயைத் திறந்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டு, அதற்கும் இவர்கள் திரும்பாவிட்டால்? இரண்டோடு நிறுத்தினால், பேய் என்று நினைத்துப் போய்விட்டார்கள் என்று இருக்கும். மூன்றாவதுக்குப் பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். யாரோ ஒருவன் அலறினான், நீங்கள் எல்லாரும் ஓடினீர்கள். கரையேறி, உடைமரங்களுக்கு அப்பால் மறைந்தீர்கள்.

என்னைத் தூக்கியது ஒரு பாலத்துக்காரி. நான் பார்த்தபோது பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, என் அக்குளில் கை கொடுத்திருந்தாள். கையில் சிமெண்டு வெடிப்பு, சொரசொரவென்று இருந்தது. நான் கத்தினேன். "ஏடவத்து, ஏடவத்துரா" என்றாள். அழாதே என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. மிதியடியைச் சேற்றிலிருந்து பிடுங்குகிற சத்தத்தோடு வெளியே வந்தேன். கூடாரத்துக்குள் கொண்டுபோய் ஒரு சாக்கைப் போர்த்தி, என் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை மூக்கில் நின்றது. கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடார மூலைக்குத் திரும்பி யாரையோ கூப்பிட்டாள். என் வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவன் மூக்கிலும் கம்பி இருந்தது. பித்தளைக் கம்பி.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதுவரை இந்த உலகத்தில் கம்பி போட்ட பையன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர்களுக்குள் பெரிய பேச்சு நடந்தது. ஒன்றும் விளங்கவில்லை என்றாலும், என்னை யார் கொண்டுபோய் விடுவது என்பதுதான் பேச்சு என்று தெரிந்தது. ஒருவன் என்னைக் காட்டி, நம் ஊரைக் காட்டி, தன் முதுகைக் காட்டினான். சந்தையில் அடிபட்டவன் அவன்தான். கடைசியில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லாரும் கிளம்பினார்கள். ஆண், பெண், கைக்குழந்தை, கூடாரத்தில் யாரையும் மிச்சம் வைக்காமல். கடப்பாரை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தபோதே பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்துத் தூக்கிக்கொண்டார்கள், ஒளிந்து வந்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், பிள்ளைகள் நடுவில். என்னையும் நடுவில்தான் விட்டார்கள். பித்தளைக் கம்பிக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு முன்னும் பின்னும் ஆள் இருந்தது, இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. மழை விட்டு, மல்லிக் காடு மணந்தது. அவன் மூக்கை உறிஞ்சி, காட்டைக் காட்டி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். அந்தப் பாதையில் நான் நடுவில் நடந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஊர் எல்லையில் உங்கள் அப்பாக்கள் எல்லாரும் கம்போடு நின்றார்கள். அண்ணாச்சி தராசுத் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தார்.

"அங்கனயே நில்லு. ஒருத்தன் இங்கிட்டு கால் வைக்கக் கூடாது."

"அண்ணா, பிள்ளே... சேறு... விழுந்திட்டு" என்றான் முன்னால் நின்றவன், இரண்டு கையையும் விரித்துக் காட்டி.

"விழுந்துச்சோ தள்ளுனியோ."

யாரும் அசையவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பத்தடி ஈர மண் கிடந்தது. அப்போது அம்மா வந்தாள். களையெடுக்கத் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிடாமல், யாரையும் கேட்காமல், அந்த மண்ணைத் தாண்டி நேராக அவர்களுக்குள் நுழைந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். பிறகு அவள் கண் பித்தளைக் கம்பியில் விழுந்தது. அவனைப் பார்த்தாள், அவன் அம்மாவைப் பார்த்தாள். நம் பக்கத்துத் தெலுங்குக்காரர் காட்டில் கூலிக்குப் போய்ப் பழகிய பேச்சில் ஏதோ கேட்டாள்.

அந்தப் பெண் நாலு விரலைக் காட்டினாள்.

அம்மா தன் இரண்டு விரலைக் காட்டினாள்.

அவ்வளவுதான். அந்தப் பையனின் தலையில் ஒருதரம் கை வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் வந்தது போலவே, பிள்ளைகளை நடுவில் விட்டுக்கொண்டு, விளக்கோடு திரும்பிப் போனார்கள். யாரும் அடிபடவில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் கடையில் தீர்ப்பு வந்தது. "மூக்குல கம்பியைப் பாத்திருக்கான். ஆகாத பிள்ளைன்னு தெரிஞ்சிட்டு. அதான் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். நல்ல பிள்ளையா இருந்தா விடுவானாங்கும்?" ஊர் முழுக்க அதை ஒப்புக்கொண்டது. அதுவரை வதந்தியாக இருந்தது என்னால் நிரூபணம் ஆயிற்று. அம்மாகூட அன்றிரவு கம்பிக்கு எண்ணெய் தொட்டுவிட்டு, "இதுதான்யா ஒன்னக் காப்பாத்துச்சு" என்றாள். அந்த நாலு விரலைப் பார்த்தவள்தான். அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் என்னை உயிரோடு வைத்திருக்கக் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான். அதை எப்படி விடுவாள்?

அக்கா வந்தது முந்தின நாள் சாயங்காலமே, பாலத்துக்காரர்கள் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு. வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒருத்தரையும் விடமாட்டேன் என்று சொன்னவள்.

"மூணாவது ஏம்லே கூப்பிடல?"

நான் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினேன்.

"இவிய எல்லாம் ஓடிட்டாவ. நான் ஓடல. உடைமரத்துக்குப் பின்னால நின்னேன். மூணாவது கேட்டா வந்திரணும்னு நின்னுக்கிட்டே இருந்தேன்லே. ஒரு வார்த்தை கூப்பிடக்கூடாதா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை மறுபடி வடம். நான் மறுபடி கடைசி. நுனியை ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள், கை நழுவாமல் இருக்க. அதற்குப் பிறகு ஓடைக்குள் இறங்கும்போதெல்லாம் வடம் இரண்டு தரம் லேசாக இழுபடும். முதல் நுனியிலிருந்து இழுக்கிறாள் என்று தெரியும். நான் பதிலுக்கு இழுத்தது இல்லை.

தை பிறந்து மண் காய்ந்ததும் தூண் நின்றது. பாலத்துக்காரர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கூட்டமாகப் போய்விட்டார்கள். உபதேசியாருக்கு மணியாச்சிப் பக்கம் மாற்றலாகி, அக்காவும் போனாள். வடம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கம்பியைக் காலேஜில் சேர்ந்த வருசம் கழற்றினேன், துளை இருக்கிறது.

உங்களில் யாரிடமும் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சட்டப்படிதான் நடந்தீர்கள். அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது அவளைப் பார்த்தால், மூக்கன் கூப்பிட்டான் என்று சொல்லுங்கள். மூணாவது தடவை.